பிள்ளைப்பேற்றின் பின் இடுப்புத் தளத் தசைகள்: தாய்மார் கேட்டுப் பெறவேண்டிய சிகிச்சை



பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் நாம் முதலில் விசாரிப்பது பிள்ளையின் நிறை எவ்வளவு, யாருடைய சாயல் என்பதைத்தான். அடுத்தது பால் போதுமா என்பது. தாயைப் பார்த்து "உமக்கு எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடும். அந்தப் "பரவாயில்லை"க்குள் ஒளிந்திருக்கும் ஒரு விடயத்தைப் பற்றியே இம்முறை மகளிர் நலப் பகுதியில் எழுதுகிறோம்.

இருமும்போதும் தும்மும்போதும் சிரிக்கும்போதும் சலம் கசிவது. அடிப்பக்கம் பாரமாகி ஏதோ இறங்கி வருவதுபோல் இருப்பது. வாயுவை அடக்க முடியாதிருப்பது. தையல் ஆறி மாதங்கள் சென்ற பின்னும் தாம்பத்தியத்தில் நோவு. எங்கள் பெண்கள் இவற்றைத் தாயிடமும் சொல்வதில்லை, கணவனிடமும் சொல்வதில்லை. துணிந்து சொன்னவளுக்கும் "பிள்ளை பெத்தால் அப்படித்தான், நாங்களும் பெத்தனாங்கள்தானே" என்ற பதிலே கிடைக்கிறது. இவை பலருக்கு வருவது உண்மை. வந்தால் வாழ்நாள் முழுவதும் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது உண்மையல்ல. இதற்கென்றே ஒரு சிகிச்சை இருக்கிறது. கத்தி இல்லை, பெரும்பாலும் மருந்தும் இல்லை. இந்நாட்டு தேசிய சுகாதார சேவையில், அதாவது என்.எச்.எஸ். இல், இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் கேட்க வேண்டும்.

தலைப்பைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டும் ஐயாமாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் மகளோ மருமகளோ இருப்பாள். தயவுசெய்து தொடர்ந்து வாசியுங்கள்.

இடுப்புத் தளத் தசைகள் என்றால் என்ன? வளையில் சேலை கட்டிப் பிள்ளையை ஆட்டும் ஏணையை நினைத்துக்கொள்ளுங்கள். எமது இடுப்பு எலும்பின் அடியில், முன்னே பூப்பெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை, அந்த ஏணையைப்போலவே ஒரு தசை விரிப்பு தொங்குகிறது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றும் அதன் மேலேயே தங்கியிருக்கின்றன. சிறுநீர் வாசலும் யோனியும் மலவாசலும் அதனூடாகவே வெளியே வருகின்றன. தாங்குவதும் இத்தசைகள், வாசல்களை மூடிப் பிடிப்பதும் இத்தசைகள். மூச்சு விடும்போதும் பாரம் தூக்கும்போதும் நாம் அறியாமலே இவை வேலை செய்துகொண்டிருக்கின்றன.

கர்ப்ப காலத்தில் ஒன்பது மாதச் சுமையை இந்த ஏணை தாங்குகிறது. சாதாரணப் பிரசவத்திலோ பிள்ளையின் தலை இதனூடாகவே வரவேண்டும். அந்நேரம் இத்தசையின் உட்பகுதி தன் வழமையான நீளத்திலும் மூன்று மடங்குக்கு மேல் இழுபடுகிறது என்று 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கணினி மாதிரி கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று காட்டியது. கையிலோ காலிலோ உள்ள ஒரு தசை அவ்வளவு இழுபட்டால் நாம் எத்தனை நாள் அதைக் கட்டிப்போட்டு, எத்தனை கிழமை பயிற்சி செய்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளை பெற்றவளோ மூன்றாம் நாளே அடுப்படிக்கு வந்துவிடுகிறாள்.

முதற் பிரசவத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வரைக்கும் சிறிதாகவோ பெரிதாகவோ கிழிவு ஏற்படுகிறது. பெரும்பாலானவை தோலோடும் மேற்தசையோடும் நின்றுவிடும். தானாகவோ தையலாலோ ஆறிவிடும். மலவாசலை மூடும் தசை வரை செல்லும் கிழிவை மூன்றாம், நான்காம் தரக் கிழிவு என்பர். இந்நாட்டில் அது முதற் பிரசவத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேருக்கும், பின்வரும் பிரசவங்களில் 2 பேருக்கும் நேர்கிறது. இங்கே நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. மகப்பேற்று, பெண்ணோயியல் வைத்தியர்களின் ரோயல் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில், இத்தகைய கிழிவுக்கான ஆபத்துக் காரணிகளுள் முதற் பிரசவம், பெரிய பிள்ளை, ஆயுதம் போட்டு எடுத்தல் என்பவற்றுடன் ஆசிய இனத்தவராக இருப்பதும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும் எங்கள் சமூகத்துப் பெண்களுக்கே இந்த விடயம் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சிசேரியன் செய்தவர்களுக்கு இது பொருந்தாது என்று சிலர் நினைக்கிறார்கள். கிழிவு இல்லை என்பது சரி. ஆனால் ஒன்பது மாதம் சுமந்த தசைகள் அவர்களுடையவையும் தான். அவர்களுக்கும் கசிவு வரலாம், பயிற்சியும் வேண்டும்.

இந்தச் சிகிச்சையின் கதை தொடங்கியது நாங்கள் வாழும் இதே லண்டனில்தான் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். பாராளுமன்றத்துக்கு எதிர்க்கரையில், வெஸ்ற்மின்ஸ்ரர் பாலத்தடியில் நிற்கும் சென் தோமஸ் வைத்தியசாலையில், 1912ஆம் ஆண்டு, ஃபேர்பேர்ன் என்ற மகப்பேற்று வைத்தியர், அங்கே உடற்பிடிப்புப் பாடசாலையின் பொறுப்பாளராயிருந்த மினி ராண்டெல் அம்மையாரிடம், பிள்ளை பெற்ற பெண்களைப் பழைய உடல்நிலைக்குக் கொண்டுவரக் கட்டிலில் படுத்தபடியே செய்யக்கூடிய பயிற்சிகளை வகுத்துத் தருமாறு கேட்டார். அம்மையார் தாதியாகவும் மருத்துவிச்சியாகவும் பயின்றவர். அக்காலத்தில் இங்கிலாந்திலும் பிள்ளை பெற்றவள் பத்து நாள், இரண்டு கிழமை என்று கட்டிலை விட்டு இறங்காமலே கிடந்தாள். எங்களுக்கு 31ஆம் நாள் துடக்குக் கழிவு இருப்பதுபோல் அவர்களிடமும் பிள்ளை பெற்றவள் முதன்முதலாகத் தேவாலயம் சென்று நன்றி செலுத்தும் சடங்கு இருந்தது! கிடந்த கிடையில் தசைகள் மேலும் தளர்ந்துபோவதைக் கண்டே அந்த வைத்தியர் பயிற்சியை நாடினார். பின்னர் 1930களில் மார்கிரட் மொரிஸ் என்ற நடன ஆசிரியை அதே வைத்தியசாலையில் பயின்று, மூச்சையும் அசைவையும் சேர்த்துத் தாய்மாருக்கான பயிற்சி நூலொன்றை 1936இல் வெளியிட்டார். நாட்டியம் பயிலும் எங்கள் பிள்ளைகளுக்கு இது பிடித்தமான செய்தியாயிருக்கும்.

1948இல் அமெரிக்காவில் ஆர்னோல்ட் கேகல் என்ற பெண்ணோயியல் வைத்தியர், இத்தசைகளை இறுக்கிப் பழகினால் சிறுநீர்க் கசிவு குறைவதை எழுதி உலகறியச் செய்தார். இன்றும் பலர் இதைக் "கேகல் பயிற்சி" என்றே அழைக்கின்றனர். தசை எவ்வளவு இறுகுகிறது என்பதைக் காட்டும் ஒரு கருவியையும் அவர் செய்தார். கருவி எதற்கு? கண்ணுக்குத் தெரியாத தசை என்பதால் பெண்கள் வேறெதையோ இறுக்கிவிட்டு இதைச் செய்ததாக நினைத்தனர். 1991இல் 47 பெண்களிடம் செய்யப்பட்ட ஒரு ஆய்வில், வாயால் மட்டும் சொல்லிக் கொடுத்தபோது ஏறத்தாழப் பாதிப் பேரே சரியாகச் செய்தார்கள். நால்வரில் ஒருவர் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கினார்கள். அது கசிவைக் கூட்டக்கூடிய செயல். ஆகவேதான் வைத்தியசாலையில் கையில் தந்துவிடும் துண்டுப் பிரசுரம் மட்டும் எல்லோருக்கும் போதாது; பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறோம். "செய்து பார்த்தனான், ஒன்றும் சரிவரவில்லை" என்று கைவிட்டவர்களிடம் முதலில் நான் கேட்பது, "சரியாகத்தான் செய்கிறீர் என்று யாராவது பார்த்தார்களா?" என்பதே. நீண்டகாலம் மகப்பேற்று விடுதியில் தாதியாக வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலும் "இல்லை" என்றே பதில் வரும்.

இனிப் பயிற்சியைப் பார்ப்போம். முதலில் படுத்திருந்து முழங்காலை மடித்தோ, கதிரையில் நிமிர்ந்திருந்தோ பழகுங்கள். சபையில் இருக்கும்போது வாயுவை அடக்குவதுபோல் மலவாசலை உள்ளே இறுக்குங்கள். அந்த இறுக்கத்தை விடாமல், சலத்தை அடக்குவதுபோல் முன்பக்கமும் இறுக்குங்கள். இரண்டையும் சேர்த்து மேலே தூக்குங்கள். வயிறு புடைக்கக் கூடாது, பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. முகத்தைப் பார்ப்பவருக்கு நீங்கள் ஏதும் செய்வதாகத் தெரியவே கூடாது. ஆரம்பத்தில் இரண்டு மூன்று விநாடி பிடிக்க முடிந்தாலே போதும். நாளடைவில் பத்து விநாடி வரை கூட்டலாம். ஒவ்வொரு முறையும் இறுக்கிய அளவு நேரம் முழுவதுமாகத் தளரவிட வேண்டும். தளரவிடுவதும் பயிற்சியில் பாதி. நீண்ட இறுக்கங்கள் முடிந்தபின் இறுக்கி உடனே விடும் விரைவான இறுக்கங்கள் சில. என்.எச்.எஸ். பின்பற்றும் நைஸ் நிறுவனத்தின் 2019 வழிகாட்டி, ஒரு தடவைக்குக் குறைந்தது 8 இறுக்கங்கள், நாளொன்றுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம் மேற்பார்வையுடன் செய்யவேண்டும் என்கிறது. மூன்று மாதம் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு கிழமை செய்துவிட்டுப் பலனில்லை என்பவர்களே அதிகம்.

சலம் போகும்போது இடைநடுவே நிறுத்திப் பழகுவது பயிற்சி என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்யக்கூடாது; மூத்திரப்பை முழுவதும் காலியாகாமல் போகலாம். இருமல் தும்மல் வரப்போகிறது என்று தெரிந்தவுடன், பிள்ளையைத் தூக்கும் முன்னும், ஒருமுறை இறுக்கிப் பிடிப்பது மிக நல்ல பழக்கம். சரியாகப் பழகியவர்களுக்கு இதுவே உடனடிப் பலன் தரும்.

எப்போது தொடங்கலாம்? பிரசவத்தின் பின் சிறுநீர்க் குழாய் எடுத்து, சலம் வழமைபோல் போகத் தொடங்கியபின், நோவு இல்லாத அளவில் மெதுவாக ஆரம்பிக்கலாம். தையல் இருந்தாலும் மென்மையான இறுக்கம் இரத்த ஓட்டத்தைக் கூட்டி ஆற உதவும். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரமே இதற்கு வாய்ப்பான நேரம். கர்ப்ப காலத்திலேயே பழகியிருந்தால் இன்னும் நல்லது.

பிசியோதெரபிஸ்டிடம் போனால் என்ன செய்வார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. முதல் சந்திப்பில் பெரும்பகுதி பேச்சுத்தான். பிரசவம் எப்படி நடந்தது, எப்போது கசிகிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர் என்று கேட்பார்கள். பின்னர் வயிற்றுத் தசையில் நடுவே இடைவெளி உண்டா என்று தொட்டுப் பார்ப்பார்கள். உங்கள் சம்மதத்துடன், கையுறை அணிந்து, விரலால் உட்பரிசோதனை செய்து தசையின் பலத்தைக் கணிக்கலாம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். அதற்காகச் சிகிச்சையை மறுக்கமாட்டார்கள். பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும், துணைக்கு இன்னொரு பெண் நிற்க வேண்டும் என்றும் கேட்கலாம். எல்லோருக்கும் இறுக்கும் பயிற்சியே தருவார்கள் என்றும் எண்ண வேண்டாம். சிலருக்குத் தசைகள் தளர்ந்திருப்பதற்கு மாறாக எப்போதும் இறுகியே இருக்கும். அவர்களுக்குத்தான் தாம்பத்தியத்தில் நோவும் சலம் போவதில் சிரமமும் வரும். அவர்களுக்குத் தளரவிடப் பழக்குவார்கள். அப்படிப்பட்டவர் யாரோ சொன்னதைக் கேட்டு இறுக்கிக்கொண்டேயிருந்தால் நோவுதான் கூடும்.

எங்கள் வழக்கங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அம்மம்மாமார் செய்யும் பத்தியத்தைக் குறைசொல்ல இக்கட்டுரை எழுதவில்லை. சரக்கரைத்துக் குடுப்பதும் உள்ளியும் மீனும் சேர்த்த கறியும் தாயின் உடம்பைத் தேற்றும் நல்ல உணவு. வேதுத் தண்ணீரில் குளிப்பது நோவெடுத்த உடம்புக்கு இதம். அதிலும் 31 நாள் வேறு வேலை செய்யவிடாமல் ஒருத்தியைத் தாங்கும் வழக்கம், இந்நாட்டில் தனியே பிள்ளையுடன் தவிக்கும் தாய்மாரைப் பார்த்தால், எவ்வளவு பெரிய உதவி என்று புரிகிறது. ஆனால் இரண்டு விடயங்களில் கவனம் தேவை. வயிறு வற்றவேண்டும் என்று தண்ணீரைக் குறைத்து, குளிர்ச்சி என்று மரக்கறி பழங்களையும் தவிர்த்தால் மலச்சிக்கல் வரும். மலச்சிக்கல் வந்தால் முக்க வேண்டிவரும். புதிதாகத் தையல் போட்ட, இழுபட்ட தசைக்கு முக்குவதைப்போல் கெடுதி வேறில்லை. பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் கூடுதலாகவே வேண்டும். ஊரில் குந்தியிருந்து போன எங்களுக்கு இங்குள்ள உயர்ந்த கொமேட் சிரமம்தான். காலடியில் சிறிய பலகை ஒன்றை வைத்து முழங்காலை உயர்த்திக்கொண்டால் முக்காமலே போகும்.

மற்றது வயிறு கட்டுதல். சீலையால் கட்டும்போது இடுப்புக்கு ஆதரவாக இருக்கிறது என்று பலர் சொல்வர், அதில் தவறில்லை. ஆனால் கட்டு தசைக்குப் பலம் தராது. அந்த வேலையைத் தசைதான் செய்யவேண்டும். மூச்சு விட முடியாதபடி இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழே, அதே ஏணையின் மேல்தான் இறங்கும்.

தேர்த் திருவிழா வரும் கோடை காலத்தில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். வடம் பிடிப்பதும், தேரின் பின்னே அடி அழிப்பதும், பாற்குடம் எடுப்பதும் நேர்த்தியென்றால் அதைத் தடுக்க நாம் யார்? ஆனால் பிள்ளை பெற்று நான்கு ஐந்து மாதத்தில், அடிப்பக்கம் பாரமாக உணரும் ஒருத்தி, நேர்த்தியை அடுத்த வருடம் நிறைவேற்றினால் அம்பாள் கோபிக்கமாட்டாள். நெற்போல் விளையாடும், ஓடும் இளம் தாய்மாருக்கும் இதே எச்சரிக்கை. இந்நாட்டுப் பிசியோதெரபிஸ்டுகள் மூவர் 2019இல் எழுதிய வழிகாட்டி, மூன்று மாதத்துக்கு முன் ஓட வேண்டாம் என்றும், கசிவோ பாரமோ இருந்தால் அதன் பின்னும் பரிசோதித்தே ஓட வேண்டும் என்றும் கூறுகிறது.

இதுவரை இளம் தாய்மாரைப் பற்றியே எழுதினோம். ஆனால் இதை வாசிக்கும் அம்மம்மாமாரில் எத்தனை பேர் பூசை முடியும்வரை இருக்க முடியாதென்று பின்வரிசையில், கழிவறைக்குப் பக்கமாக இருக்கிறீர்கள்? சலம் கசிந்த உடுப்போடு சந்நிதிக்குப் போவதா என்று கோயிலுக்கு வருவதையே நிறுத்திய ஒருவரை எனக்குத் தெரியும். நாற்பது வருடத்துக்கு முன் பெற்ற பிள்ளையின் பின்விளைவு மாதவிடாய் நின்ற பின் வெளிப்படுவது வழமை. அந்த வயதிலும் தசை பயிற்சிக்குக் கட்டுப்படும். 2018இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் மதிப்பீட்டில், இருமல் தும்மலில் கசியும் பெண்களில் இப்பயிற்சி செய்தோரில் நூற்றுக்கு 56 பேர் குணமானதாகக் கூறினர். செய்யாதோரில் 6 பேரே. கசிவுக்கும் கர்ப்பப்பை இறக்கத்துக்கும் உள்ளே வலை வைத்துச் செய்த சத்திர சிகிச்சைகள் பல பெண்களுக்குத் தீராத நோவைத் தந்ததால், இங்கிலாந்தில் 2018 ஜூலையில் அவை இடைநிறுத்தப்பட்டன. 2020இல் கம்பலீஜ் சீமாட்டியின் விசாரணை அறிக்கையும் அப்பெண்களின் முறைப்பாடுகள் நீண்டகாலம் செவிமடுக்கப்படவில்லை என்று சொன்னது. சத்திர சிகிச்சையே தேவைப்படுவோர் உண்டு. ஆனால் முதலில் பயிற்சி என்பதே இன்றைய நடைமுறை.

எங்கே, எப்படிக் கேட்பது? 2019இல் வெளியான என்.எச்.எஸ். நீண்டகாலத் திட்டத்தின்படி, கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்து ஒரு வருடம் வரையான தாய்மாருக்கும் இடுப்புத் தள நலச் சேவைகள் இங்கிலாந்து முழுவதும் அமைக்கப்பட்டன. மிட்வைஃப், ஹெல்த் விசிட்டர், ஜி.பி. ஆகிய எவரும் உங்களை அனுப்பலாம். சில வைத்தியசாலைகளில் நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஒரு வருடம் கடந்தவர்கள் ஜி.பி. மூலம் போகலாம். 2020 ஏப்ரல் முதல், பிள்ளை பிறந்து ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தாயைப் பரிசோதிக்க அழைப்பது ஜி.பி.யின் ஒப்பந்தக் கடமை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளையின் ஊசியைப் பற்றியே பேசி முடிந்துவிடும். ஆகவே கதவைத் திறந்தவுடன் சொல்லுங்கள்: "ஐ ஆம் லீக்கிங் யூரின். ஐ வோன்ட் டு சீ த பெல்விக் ஹெல்த் பிசியோதெரபிஸ்ட்." பாரமாக இருந்தால் "ஹெவி ஃபீலிங் டவுன் பிலோ" என்றால் அவர்களுக்கு விளங்கும். ஆங்கிலத்தில் இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

ஆங்கிலம் வராதவர்கள் நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பெண்ணாக இருக்கவேண்டும் என்று கேளுங்கள். என்.எச்.எஸ். இல் இதற்குக் கட்டணம் கிடையாது. நேரில் வராவிட்டால் தொலைபேசியில் பேசுவார்கள். அவர்கள் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். பதின்மூன்று வயது மகனை மொழிபெயர்க்கக் கூட்டிவந்த தாய் ஒருத்தி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு "வயித்து நோ எண்டு சொல்லப்பு" என்று முடித்துக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன். அவளுக்கு வயிற்று நோவுக்குத்தான் மருந்து எழுதப்பட்டது.

சில அறிகுறிகளுக்குப் பிசியோதெரபி வரை காத்திருக்கக் கூடாது. பிரசவத்தின் பின் சலம் போகவே முடியாதிருத்தல், காய்ச்சலுடன் தையல் வீங்கிச் சீழ் வைத்தல், இரத்தப்போக்கு திடீரெனக் கூடுதல், கெண்டைக்கால் வீங்கி நோதல், அடிப்பக்கம் உணர்ச்சியற்று மரத்துப்போதல் ஆகியவற்றுக்கு அன்றே மகப்பேற்றுப் பிரிவையோ 111ஐயோ அழையுங்கள். இரத்தம் நிற்காமல் போனாலும், மூச்சு முட்டினாலும், நெஞ்சு நொந்தாலும் 999. மலத்தை அடக்க முடியாதிருந்தால் மிட்வைஃபிடமோ ஜி.பி.யிடமோ தாமதமின்றிச் சொல்லுங்கள். தையல் போட்ட இடத்தை மீண்டும் பார்க்க வேண்டியிருக்கலாம்.